தப்தரில் அவள் கையெழுத்து

என் ராத்தாவின் (அக்காவின்) நிக்காஹ் அன்று நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை பள்ளிவாசலில் இருந்தார். வாப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் அங்கேதான். கல்யாணப் பெண் மட்டும் வீட்டின் உள்ளறையில், ஜரிகை முக்காட்டுக்குள். அஸர் தொழுகை முடிந்ததும் சாச்சாவும் இரண்டு சாட்சிகளும் வந்து நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். மாப்பிள்ளையின் பெயரையும் அவர் வாப்பாவின் பெயரையும் அவர் பெண்ணுக்குத் தரும் மஹரையும் சொல்லி, "மூணு பவுன் மஹருக்கு உன்னை நிக்காஹ் செஞ்சு கொடுக்கச் சம்மதமாம்மா?" என்று சாச்சா கேட்டார். ராத்தாவின் தலை இன்னும் தாழ்ந்தது. பின்னாலிருந்து பெரியம்மா, "சம்மதம்னு சொல்லிட்டா" என்றார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் துஆ ஓதும் சத்தம் கேட்டது. ராத்தா மனைவியாகிவிட்டாள்.

அப்புறம் தப்தர் வந்தது. எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவின் நிக்காஹ் பதிவேட்டில் மணமகன், பெண்ணின் வலி (பொறுப்பாளர், பெரும்பாலும் தந்தை), சாட்சிகள் ஆகியோருக்கான கட்டங்களோடு மணமகளுக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதற்காகத்தான் அந்தப் பெரிய நோட்டை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். மருதாணி காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்த கையால் ராத்தா பெயரை எழுதினாள். அன்றைக்கு அவள் தானாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

இஸ்லாத்தில் பெண்ணின் இடம் என்ன என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே எல்லா உரிமையும் கொடுத்தாகிவிட்டது என்பார்கள் ஒரு பக்கம். அடிமைத்தனம் தவிர எதுவுமில்லை என்பார்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருமே தப்தரைத் திறந்து பார்ப்பதில்லை. நிக்காஹ்வில் யார் பேசுகிறார், யார் கையெழுத்துப் போடுகிறார், பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது, பிடிக்காவிட்டால் யார் வெளியே வர முடியும் என்று பார்த்தால், மேடைப் பேச்சுகளில் கிடைக்காத விஷயம் நிறையக் கிடைக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிக்காஹ் என்பது ஓர் ஒப்பந்தம். ஒரு தரப்பு முன்மொழிய வேண்டும், இன்னொரு தரப்பு 'கபூல்' (ஏற்றேன்) சொல்ல வேண்டும், சாட்சிகள் கேட்க வேண்டும். ஒப்பந்தம் என்றால் தரப்பு என்று ஒன்று உண்டு. பெண் அதில் ஒரு தரப்பா, அல்லது இரண்டு ஆண்களுக்கு இடையில் கைமாறும் பொருளா? பழைய சட்ட நூல்களில் இந்த இரண்டு பார்வையுமே இருக்கின்றன.

தந்தை தன் விருப்பத்தைக் கேட்காமல் மணமுடித்து வைத்ததாக கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண் வந்து முறையிட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அந்தத் திருமணத்தை ரத்து செய்ததாக புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. நஸாயீ தொகுப்பில் இன்னொரு இளம்பெண் வருகிறாள். தன் மதிப்பை உயர்த்திக்கொள்ளத் தந்தை தன்னை அவருடைய சகோதரர் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டார் என்கிறாள். முடிவு அவள் கைக்கு வந்ததும், தந்தை செய்ததையே ஏற்கிறேன், ஆனால் இந்த விஷயத்தில் தந்தையருக்கு அதிகாரம் இல்லை என்பதைப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் வந்தேன் என்கிறாள். கல்யாணத்தை உடைக்க அவள் வரவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய வழக்கு.

கன்னிப்பெண்ணின் மௌனமே சம்மதம் என்ற நபிமொழியும் இருக்கிறது. வெட்கத்தால் வாய் திறக்காத பெண்ணுக்குச் சலுகையாக வந்தது அது. நம் ஊர்களில் அது அவள் வாயே திறக்க வேண்டாம் என்ற ஏற்பாடாக மாறிவிட்டது. பெரியம்மா சொன்ன பதிலை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இதில் தமிழ் முஸ்லிம்களுக்கே சொந்தமான ஒரு விசித்திரம் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் மரைக்காயர்களும், இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையினரும் ஷாஃபிஈ மத்ஹபைப் (சட்டப் பள்ளியைப்) பின்பற்றுகிறவர்கள். உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபினர். ஷாஃபிஈ சட்டப்படி வலி இல்லாமல் ஒரு பெண்ணின் திருமணம் செல்லாது. வயது வந்த கன்னிப்பெண்ணாக இருந்தாலும் தந்தை அவளைக் கேட்பது நல்லது என்றுதான் பழைய நூல்கள் சொல்கின்றன. கேட்டே ஆக வேண்டும் என்று சொல்வதில்லை. ஹனஃபி சட்டத்தில் வயது வந்த, புத்தி சுவாதீனமுள்ள பெண் தன் நிக்காஹ்வைத் தானே செய்துகொள்ளலாம். பொருத்தமில்லாத இடம், மஹர் குறைவு என்று வலி ஆட்சேபிக்கலாம், அவ்வளவுதான். ஒரே மொழி, ஒரே குர்ஆன், ஒரே பிரியாணி. பேருந்தில் இரண்டு மணி நேரம் உள்ளே போனால் பெண்ணைப் பற்றிய சட்டப் பார்வை மாறிவிடுகிறது. ஆனால் நடைமுறையில் பார்த்தால் ராவுத்தர் வீட்டுப் பெண்ணும் உள்ளறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். சட்டம் கொடுத்த இடத்தைப் பழக்கம் திருப்பி வாங்கிக்கொண்டது.

பாக் நீரிணையின் அந்தப் பக்கம் கதை இன்னும் கெட்டி. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி பதிவுக்கு மாப்பிள்ளை ஒரு பிரகடனம் செய்கிறார், பெண்ணின் வலி ஒன்று செய்கிறார், நிக்காஹ் நடத்திவைத்தவர் ஒன்று. மணமகள் கையெழுத்துப் போட இடமே வைக்கப்படவில்லை. காதி நீதிபதி முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1995இல் நாட்டின் பொதுத் திருமண வயதை 18 ஆக்கியபோது முஸ்லிம்களை அதில் சேர்க்கவில்லை. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமியின் திருமணத்தைக்கூடக் காதியின் அனுமதி பெற்றுப் பதியலாம் என்ற பிரிவு 1951 சட்டத்தில் இருந்தது. இதைச் சீர்திருத்த நீதிபதி சலீம் மர்சூஃப் தலைமையில் 2009இல் ஒரு குழு அமைத்தார்கள். அறிக்கை வந்தது 2018இல். ஒன்பது வருடம் பேசியும் உறுப்பினர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, பரிந்துரைகளும் இரண்டாகவே வந்தன. ஒரு பெண் தன் கல்யாணக் காகிதத்தில் தன் பெயரை எழுதலாமா என்பதற்கு ஒன்பது வருட விவாதம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எந்த மத்ஹபிலும் மணமகளின் கையெழுத்து ஹராம் என்று எழுதிவைக்கவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம்.

மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. "பெண்களுக்கு அவர்களின் மஹரை மனமுவந்து கொடுங்கள்" என்ற கருத்தில் குர்ஆனின் நான்காம் அத்தியாயம், நான்காம் வசனம் பேசுகிறது. 'பெண்களுக்கு' என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்ணின் தகப்பனாருக்கு என்று அங்கே இல்லை. அதே அத்தியாயத்தின் 20ஆம் வசனம், ஒரு பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்காதீர்கள் என்கிறது. கையில் எதுவும் இல்லாத ஓர் ஏழைத் தோழரிடம் ஓர் இரும்பு மோதிரமாவது தேடிப் பார் என்று நபிகளார் சொன்னதும், அதுவும் கிடைக்காமல் அவருக்குத் தெரிந்த குர்ஆன் அத்தியாயங்களையே மஹராக வைத்ததும் எல்லாரும் அறிந்த செய்தி. அளவு முக்கியமில்லை, அது அவளுடையது என்பதுதான் முக்கியம்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. இடைக்காலச் சட்ட அறிஞர்கள் பலர் மஹரை விற்பனை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுத்தான் விளக்கினார்கள். மஹர் கொடுத்ததால் கணவனுக்குத் திருமண உறவின் மீது ஒருவித 'மில்க்', அதாவது உடைமை, வந்துவிடுகிறது என்று வாதித்தார்கள். தலாக் அவன் கையில் மட்டும் இருப்பதற்கும், மனைவி கீழ்ப்படியாவிட்டால் ஜீவனாம்சம் நிற்கும் என்பதற்கும் இந்த வாதம்தான் அஸ்திவாரம். அதனால் மஹர் என்றாலே பெண்ணுரிமை என்று மேடையில் முழங்கிவிட்டு இறங்குவதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அவள் கைக்கு வரும் பொன் உண்மை. அதைச் சாக்காக வைத்து அவள் மீது எழுப்பிய அதிகாரமும் உண்மை.

உடனே கொடுக்கும் மஹருக்கும் தவணை சொல்லி வைக்கும் மஹருக்கும் அரபியில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒன்றை 'ஐன்' என்ற எழுத்தைப் போட்டு எழுதுவார்கள், மற்றதை 'ஹம்ஸா' போட்டு. இரண்டையும் தமிழில் எழுதினால் 'முஅஜ்ஜல்' என்று ஒரே சொல்லாகிவிடும்! உடனடி என்பதும் பிறகு பார்க்கலாம் என்பதும் நம் எழுத்தில் பிரித்தறிய முடியாதபடி ஒட்டிக்கொள்கின்றன. பல வீடுகளில் நடந்ததும் அதேதான். தப்தரில் தொகை ஏறும். கணவன் கொடுக்கமாட்டான், மனைவி கேட்கமாட்டாள். கேட்டால் அவன் மீது நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமாம்.

அதே நாளில், அதே வீட்டில், எதிர்த்திசையில் இன்னொரு பணம் போகும். மூன்று பவுன் மஹர் கொடுத்த மாப்பிள்ளை வீட்டுக்கு முப்பது பவுன், ரொக்கம், சீர், பண்டபாத்திரம், மாப்பிள்ளைக்கு பைக். இதற்கு அரபியில் பெயர் கிடையாது, ஏனென்றால் அந்த வழக்கமே அங்கிருந்து வந்ததில்லை. நம் மண்ணின் சொல்லே போதும் என்று கைக்கூலி என்றோம், சீதனம் என்றோம். 1980களிலிருந்து தவ்ஹீத் என்ற சீர்திருத்த இயக்கத்தினர் இதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார்கள். வரதட்சணை வாங்கும் கல்யாணத்துக்குப் போவதில்லை என்று சொந்தக்காரர்களைப் பகைத்துக்கொண்ட இளைஞர்களை எனக்கே தெரியும். பெண்கள் விஷயத்தில் அவர்கள் சொல்லும் வேறு பலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இந்த ஒன்றுக்காகப் பல ஏழைத் தகப்பன்மார் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். இந்தியாவின் 1961 வரதட்சணைத் தடைச் சட்டமும் இந்த இரண்டு பணத்தையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. முஸ்லிம் தனிச் சட்டத்துக்கு உட்பட்டவர்களின் மஹர் வரதட்சணைக் கணக்கில் வராது என்று தெளிவாக எழுதிவைத்தது.

இலங்கைச் சட்டம் இதில் ஒரு படி வேறு விதமாக யோசித்திருக்கிறது. 'கைக்கூலி' என்ற தமிழ்ச் சொல்லையே ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் அப்படியே எடுத்துப்போட்டு, மணமகளின் உபயோகத்துக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்பட்ட பணமோ அசையும் சொத்தோ என்று அதற்கு விளக்கமும் தந்திருக்கிறது. அதாவது அது அவளுடைய பணம், அதை வாங்கி வைத்திருக்கும் கைதான் அவன். திருமணம் முறிந்தால் காதியிடம் போய் மனைவி அதைத் திரும்பக் கேட்கலாம். கையெழுத்துக் கேட்காத அதே சட்டம், அவள் பணத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறது. ஒரே காகிதத்தில் இப்படி இரண்டு பார்வை.

மதம் கொடுத்ததை வழக்கம் பறித்தது என்று கதையை இதோடு முடித்துவிட்டால் எளிதாக இருக்கும். ஆனால் காயல்பட்டினத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே கல்யாணம் ஆனதும் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு. கீழக்கரையிலும் இந்த வழக்கம் உண்டு. இலங்கையின் கிழக்கில், காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம், தாய்வழியில் வரும் 'குடி' முறை இருக்கிறது. மகளுக்கு வீடு கட்டி முடிக்கத் தகப்பனும் அண்ணன் தம்பிகளும் வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்துகிறார்கள். குர்ஆனின் வாரிசுரிமைப் பங்கீட்டில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. இந்த ஊர்களில் தகப்பன் உயிரோடிருக்கும்போதே வீட்டை மகளுக்கு அன்பளிப்பாக எழுதிவிடுகிறார். மார்க்கமும் மீறப்படவில்லை, மகளும் தெருவில் நிற்கவில்லை. காயல்பட்டினத்தில் பெண்கள் நடந்துபோக 'முடுக்கு' என்ற தனிச் சந்துகள் உண்டு, அவர்கள் கூடி ஓதப் பெண்கள் தைக்காக்கள் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது அடைத்துவைத்தல் மாதிரி தெரியும். உள்ளே இருப்பவளுக்கு அது தன் சொந்தச் சுவர். மாமியார் வீட்டில் அடுப்படிச் சண்டைக்குப் பயந்து வாழ வேண்டியதில்லை. கணவன் கோபித்துக்கொண்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியது அவன்தான்.

இந்த வீட்டுக்கும் விலை இல்லாமல் இல்லை. மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடு கட்ட வேண்டும். முடியாதவரின் மகளுக்கு வயது ஏறிக்கொண்டே போகும். அப்புறம் 2004 சுனாமி வந்தது. கிழக்கிலங்கையில் அலை அடித்துக்கொண்டு போனவற்றில் மனைவியின் பெயரில் இருந்த வீடுகள் எத்தனையோ. மீளக் கட்டிக் கொடுத்தபோது 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் ஆணின் பெயரை எழுதிப் பல வீடுகளை அவனுக்கே பதிந்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு ஒரு அரசு படிவத்தில் கைமாறிவிட்டது. அதைச் செய்தவர்கள் மௌலவிகள் இல்லை, அதிகாரிகளும் உதவி நிறுவனங்களும்.

கடைசியாக வெளியே வரும் வழி. தலாக் கணவனிடம். மனைவிக்கு குல்உ (அவள் கேட்டுப் பெறும் பிரிவு) உண்டு, அதற்குப் பெரும்பாலும் மஹரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவனும் சம்மதிக்க வேண்டும் என்பது பெரும்பாலான மத்ஹப்களின் நிலை. பரீரா என்ற அடிமைப் பெண் விடுதலையானதும் தன் கணவர் முகீஸை விட்டு விலகும் உரிமை அவளுக்கு வந்தது. அவர் தாடி நனைய அழுதுகொண்டு மதீனாவின் தெருக்களில் அவள் பின்னாலேயே நடந்தார். நபிகளார் அவருக்காகப் பரிந்து பேசினார். இது கட்டளையா என்று பரீரா கேட்டாள். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் வேண்டாம் என்றாள். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. இந்த நபிமொழியை ஜும்ஆ மேடையில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பிரிட்டிஷ் இந்தியாவில் வெளியேற வழியில்லாத ஹனஃபிப் பெண்கள், மதம் மாறினால் திருமணம் முறியும் என்பதால் மதத்தையே விட்டார்கள். அதைப் பார்த்துத் திடுக்கிட்ட ஹனஃபி அறிஞர் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி இன்னொரு மத்ஹபான மாலிகியின் சட்டத்தைத் துணைக்கு அழைத்து ஒரு தீர்வு எழுதினார். அதன் தொடர்ச்சியாக வந்த 1939ஆம் ஆண்டு சட்டம், நான்கு வருடம் காணாமல் போன கணவன், இரண்டு வருடம் செலவுக்குக் கொடுக்காத கணவன், கொடுமை செய்கிற கணவன் என்று காரணங்களை வரிசைப்படுத்தி, பெண் நீதிமன்றம் போகலாம் என்றது. அதாவது பெண்கள் கதவைத் தட்டிய பிறகுதான் உலமாக்கள் நூலைப் புரட்டினார்கள். பின்னால் 2017இல் ஒரே மூச்சு முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2019 சட்டம் அதற்கு மூன்று வருடம் வரை சிறை வைத்ததும் ஊரறிந்தவை. கணவனை உள்ளே தள்ளிவிட்டால் செலவுக்கு யார் கொடுப்பார் என்ற கேள்வியை அந்தச் சட்டம் தீர்க்கவில்லை என்றே நினைக்கிறேன். 2024 ஜூலையில் விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று வந்த தீர்ப்பு அதைவிட உருப்படியானது.

இத்தனைக்கும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனை எழுத வழி உண்டு. துனிசியாவின் கைரவான் நகரத்தில் மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டமாட்டேன் என்று மாப்பிள்ளை எழுதிக்கொடுப்பது பழைய வழக்கம். மலேசியாவில் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை 'தஅலீக்' வாசகத்தில் கையெழுத்திடுகிறார், அதில் சொன்னதை மீறினால் மனைவி விலகலாம். பாகிஸ்தானின் நிக்காஹ் படிவத்தில் 18ஆம் கட்டம், தலாக் உரிமையைக் கணவன் மனைவிக்கு ஒப்படைத்திருக்கிறாரா என்று நேராகவே கேட்கிறது. பல இடங்களில் பெண்ணைக் கேட்காமலே அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் பிரிவைப் பற்றிப் பேசலாமா என்பது அங்கேயும் அதே பேச்சு. தமிழ்நாட்டில் இதையெல்லாம் பெண்கள் எங்கே போய்ப் பேசுவது? பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஜமாஅத் கமிட்டியில் உட்காருவது ஆண்கள். அந்தப் பெண் இல்லாமலேயே அவள் பஞ்சாயத்து நடக்கும். அதனால்தான் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தைத் தொடங்கினார். எத்தனை ஏச்சு வாங்கினார் என்பது தனிக் கதை.

மவுத்தும் (மரணமும்) ஒரு திருமணத்தை முடிக்கும். வாப்பா மவுத்தான அன்று, சந்தூக் (உடலைச் சுமக்கும் பெட்டி) எடுப்பதற்கு முன்னால், உறவில் பெரியவர் ஒருவர் உம்மா இருந்த அறையின் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கொடுக்காத மஹர் கடனாக நிற்கும் என்பதால், ஜனாஸா கிளம்பும்முன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். "மஹரை மன்னிச்சிட்டியாம்மா?" என்றார். பெரியம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். உம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அழுது கரகரத்த குரலில், வெளியே கேட்கும்படி சொன்னார்: "மன்னிக்க ஒண்ணும் இல்ல. நூத்தி ஒரு ரூவா. கல்யாணம் ஆன மறு மாசமே என் கையில கொடுத்துட்டாஹ."